கப்பலில் வளர்ந்த குழந்தைகள்

கடல்வழிப் பயணம் பெண்டிருடன் நிகழ்வதில்லை என்று தொல்காப்பியர் அகத்திணையியலில் ஒரு விதி வகுத்துள்ளார். அவ்விதிக்கு உரையாசிரியர்கள் காணும் பொருள் ஒன்றுபோல் இல்லை. அஃது அகப்பாட்டின் மரபைச் சொல்வதேயன்றித் துறைமுகத்துச் சட்டமும் அன்று. ஆயினும் கணவன் கடலில், மனைவி கரையில் என்னும் ஏற்பாடு நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. உலகில் பாய் விரித்துக் கலம் செலுத்திய மக்களுள் பலர் அப்படியே வாழ்ந்தனர். பெண்டிரே ஏறாத கலத்தில் குழந்தை எவ்வாறு ஏறும்?

எனினும் ஏறியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், அமெரிக்காவின் வடகிழக்குக் கரையிலிருந்து திமிங்கில வேட்டைக்கும் வாணிகத்துக்கும் புறப்பட்ட பாய்க்கப்பல்கள் பலவற்றில் தலைவருடைய மனைவியும் சிறு பிள்ளைகளும் உடன் சென்றனர். கப்பலிலேயே பிறந்தவர்களும் உண்டு. அங்கேயே நடை பயின்றவர்களும் எழுத்துக் கற்றவர்களும் உண்டு. அவர்கள் எப்படிக் காக்கப்பட்டனர், எப்படி மகிழ்ந்திருந்தனர், எதனால் சிலர் காக்கப்படாது போயினர் என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

நியூ பெட்ஃபோர்டு, நான்டக்கெட், எட்கர்டவுன் முதலிய ஊர்களிலிருந்து திமிங்கிலம் தேடிச் சென்ற கப்பல் மூன்று ஆண்டுகள், சிலபோது நான்கு ஆண்டுகள் கழித்தே திரும்பும். வந்து சில மாதம் தங்கித் தலைவன் மீண்டும் புறப்பட்டுவிடுவான். மணமாகிப் பத்தாண்டு ஆன மனைவி கணவனோடு வாழ்ந்த நாட்களைக் கூட்டிப் பார்த்தால் இரண்டாண்டு தேறாது. தந்தை வீட்டுக்குள் நுழையும்போது, வந்தவர் யார் என்று பிள்ளை தாயைக் கேட்கும் நிலை. இந்தப் பிரிவைப் பொறாத பெண்டிர் சிலர், 1840-களிலிருந்து, தாமும் கப்பலேறத் துணிந்தனர். கப்பல் உடைமையாளர் சிலர் இதனை வெறுத்தனர். சிலர், தலைவன் ஒழுங்காக இருப்பான் என்று எண்ணி வரவேற்றனர். மாலுமிகளோ, தலைவன் மனைவி ஏறிய கலத்தைப் பெட்டைக்கோழிக் கப்பல் என்று நகையாடினர். ஏளனத்தில் பிறந்த அப்பெயர் இன்று வரலாற்று நூல்களில் நிலைத்துவிட்டது.

திமிங்கில வேட்டைக் கப்பலைக் காட்டிலும் குழந்தைக்குப் பொருந்தாத இடம் ஒன்றைக் கற்பனை செய்வதும் அரிது. மேல்தளத்தின் நடுவே செங்கல்லால் கட்டிய பெரிய அடுப்பு இருக்கும். அதன்மேல் இரும்புக் கொப்பரைகளில் திமிங்கிலத்தின் கொழுப்பை இட்டு இரவும் பகலும் எண்ணெய் காய்ச்சுவார்கள். அந்நாட்களில் தளம் முழுவதும் நெய்யும் குருதியுமாய் வழுக்கும். கொழுப்பை அறுக்கும் நீண்ட மண்வெட்டிக் கத்திகள் ஒருபுறம். திறந்து கிடக்கும் கிடங்கு வாயில் ஒருபுறம். காற்று மாறும்போது பாய் தாங்கும் பருமல் தளத்தின் குறுக்கே வீசி வரும். வளர்ந்த ஆளையே கடலில் தள்ளிவிடும். இவற்றுக்கிடையே இரண்டு வயதுக் குழந்தை ஓடி விளையாட வேண்டும்.

இதற்கு அக்குடும்பங்கள் கண்ட வழிகள் மிக எளியவை. கப்பலின் முன்பகுதியாகிய அணியம் மாலுமிகளுக்குரியது; பின்பகுதியாகிய அமரம் தலைவனுக்கும் அவன் இல்லத்தாருக்கும் உரியது. நடுப் பாய்மரமே எல்லை. அதைத் தாண்டி முன்னே போகக் கூடாது என்பதே பிள்ளை கற்கும் முதல் பாடம். நடை பழகும் குழந்தையின் இடையில் கயிறு கட்டி, அதன் மறுமுனையைத் தளத்தில் பிணைத்துவிடும் வழக்கமும் உண்டு. தாய்க்கும் குழந்தைக்கும் காற்று வெளிச்சம் கிடைக்கத் தளத்தின்மேல் சிறிய அறை ஒன்று கட்டித் தந்த தலைவர்களும் இருந்தனர். 1841-இல் கட்டப்பட்ட சார்லஸ் டபிள்யூ. மார்கன் என்னும் வேட்டைக் கப்பல் இன்றும் கனெக்டிகட் மாநிலத்தின் மிஸ்டிக் துறையில் காட்சிக்கு நிற்கிறது. அதில் 1860-களில் தலைவர் ஒருவர் தம் மனைவிக்காக அமைத்த கட்டில் இருக்கிறது. கலம் எப்பக்கம் சாய்ந்தாலும் தான் சாயாமல் மட்டமாகவே தொங்கி நிற்கும். உத்திரத்தில் சேலையைக் கட்டித் தூளியாக்கும் நம் பாட்டிமார்க்கு இது புதிய செய்தி அன்று.

உணவே பெருங்கவலை. உப்பிட்ட இறைச்சியும் கல்போல் இறுகிய ரொட்டியும் மாலுமிக்கு ஆகும், பிள்ளைக்கு ஆகா. ஆகையால் பாலுக்கு ஆடும், முட்டைக்குக் கோழியும் கப்பலில் ஏறின. கெய்ல் போர்டன் 1856-இல் உரிமம் பெற்ற கெட்டிப்பால் இத்தாய்மாருக்குப் பேருதவியாயிற்று. குடிநீர் அளந்தே கிடைக்கும். குழந்தையின் துணிகளைத் துவைக்க மழையை எதிர்பார்க்க வேண்டும். மழை வந்த நாளே கப்பலில் வெளுப்பு நாள். கயிறெங்கும் சிறு சட்டைகள் காற்றில் ஆடும். கொலைக்கருவிகள் நிறைந்த அத்தளத்தில் அக்காட்சியைக் கண்டு மாலுமிகளும் சற்றே மனம் இளகியிருப்பார்கள் என்று நாம் எண்ணுகிறோம்.

இவ்வாறு கடலேறிய பெண்டிருள் ஒருவர் எலைசா வில்லியம்ஸ். கனெக்டிகட்டைச் சேர்ந்த இவ்வம்மையார் ஐந்தடி உயரமும் இல்லாத சிற்றுருவினர். கணவர் தாமஸ் வில்லியம்ஸ் ஆறடிக்கு மேற்பட்டவர். 1858 செப்டம்பரில், மூத்த மைந்தர் இருவரையும் உறவினரிடம் விட்டுவிட்டு, கணவர் தலைமையேற்ற ஃபுளோரிடா என்னும் கப்பலில் இவர் ஏறினார். அப்போது இவர் கருவுற்றிருந்தார். இவர் எழுதிய நாட்குறிப்பில் அச்செய்தி ஓரிடத்தும் இல்லை. காற்றையும் பறவைகளையும் திமிங்கிலங்களையும் எழுதிக்கொண்டே வருகிறார். 1859 ஜனவரியில் எழுத்து நின்றுவிடுகிறது. சில வாரங்கள் கழித்து மீண்டும் தொடங்கும்போது, நலமுள்ள ஆண்மகவு ஒன்று பிறந்திருப்பதை அடக்கமாகக் குறிக்கிறார். நியூசிலாந்தை அடுத்த கடலில், மருத்துவரும் மருத்துவச்சியும் இல்லாத கலத்தில் நிகழ்ந்த பேறு அது. அம்மகவுக்கு வில்லியம் ஃபிஷ் வில்லியம்ஸ் என்று பெயரிட்டனர். 1861-இல் அதே பயணத்தில் ஒரு மகளும் பிறந்தாள். இரண்டு மழலைகளோடு அக்குடும்பம் அவ்வாண்டின் இறுதிக்குள் சான் பிரான்சிஸ்கோவை அடைந்தது.

பெரியோர் எழுதியவை ஒருபுறம் இருக்க, குழந்தையே எழுதிய குறிப்பும் நமக்குக் கிடைத்துள்ளது. எட்கர்டவுனைச் சேர்ந்த லாரா ஜெர்னிகன் என்னும் சிறுமி, 1868 அக்டோபரில், தந்தை ஜாரெட் ஜெர்னிகன் செலுத்திய ரோமன் என்னும் வேட்டைக் கப்பலில் தாயோடும் தம்பி பிரெஸ்காட்டோடும் புறப்பட்டாள். வயது ஆறு. அவ்வாண்டின் கடைசியில் தொடங்கி 1871 வரை அவள் விட்டுவிட்டு எழுதிய நாட்குறிப்பு இன்றும் பேணப்பட்டு வருகிறது. எழுத்துப் பிழைகள் மலிந்த ஏடு அது. ஆயினும் அதனைப் படிப்பவர் கப்பலின் தளத்திலேயே நிற்பதுபோல் உணர்வர். இன்று கடல் கொந்தளிக்கிறது, இன்று அமைதியாக இருக்கிறது என்று நாள்தோறும் முதலில் எழுதுகிறாள். எத்தனை பீப்பாய் எண்ணெய் சேர்ந்தது என்று கணக்கு வைக்கிறாள். இரண்டு பறவைகள் வளர்த்தாள்; அவற்றுள் ஒன்று இறந்துவிட்டது, மற்றதும் பிழைக்காது என்று எழுதுகிறாள். தம்பிக்கு ஒரு நாய்க்குட்டி கிடைத்ததையும் அதன் பெயரையும் குறிக்கிறாள். திமிங்கிலத்தை அறுப்பதையும், எண்ணெய் காய்ச்சும் நாற்றத்தையும் வீட்டு அடுக்களையில் நடப்பதைச் சொல்வதுபோல் சொல்கிறாள்.

அச்சம் என்பது அவ்வேட்டில் மிகக் குறைவு. புயலை அவள் அறியாதவள் அல்லள். ஆனால் புயலுக்கு மறுநாளும் பாடம் உண்டு, தையல் உண்டு, கோழிக்குத் தீனி இடும் வேலை உண்டு. கப்பலில் பிள்ளைக்கு மகிழ்ச்சி தந்தது விளையாட்டுப் பொருள் அன்று. நாளின் ஒழுங்கும், தனக்கென ஒரு சிறு பொறுப்பும், நாள் முழுவதும் கண்முன் இருக்கும் தந்தையுமே. கரையில் இருந்த எட்கர்டவுன் பிள்ளைகளுக்கு இம்மூன்றாவது கிடைக்கவில்லை.

வடதுருவக் கடலில் வேட்டைக்காலம் வந்தபோது மனைவி மக்களை ஹவாய்த் தீவுகளின் ஹொனலூலுவில் விட்டுச் செல்லும் தலைவர்கள் பலர் இருந்தனர். ஜெர்னிகனும் அப்படிச் செய்தவரே. எல்லாரும் அவ்வாறு செய்யவில்லை. 1871-ஆம் ஆண்டுக் கோடையில் பெரிங் நீரிணையைக் கடந்து அலாஸ்காவின் வடகரையை நோக்கிச் சென்ற கப்பற் கூட்டத்தில் சில தலைவர்களின் மனைவியரும் பிள்ளைகளும் இருந்தனர். மான்டிசெல்லோ என்னும் கப்பலில் தாமஸ் வில்லியம்ஸின் குடும்பம் இருந்தது. கடலில் பிறந்த வில்லியமுக்கு அப்போது வயது பன்னிரண்டு.

அங்கே கரைக்கும் பனிப்பரப்புக்கும் இடையே ஒடுங்கிய நீர்வழி உண்டு. ஆண்டுதோறும் கீழ்காற்று வீசிப் பனியைக் கரையினின்று அகற்றும். கப்பல்கள் அவ்வழியே வேட்டையாடித் திரும்பும். அவ்வாண்டு ஆகஸ்டு இறுதியில் காற்று மேற்கிலிருந்து வீசியது. பனி கரையை நெருங்கியது. அந்நிலத்து மக்களாகிய எஸ்கிமோக்கள், இம்முறை பனி விலகாது, போய்விடுங்கள் என்று முன்னரே எச்சரித்தனர், தலைவர்கள் செவிசாய்க்கவில்லை. செப்டம்பர் தொடக்கத்தில் லாரா வளர்ந்த ரோமன் கப்பல் பனிக்கட்டிகளுக்கிடையே நெரிந்து நொறுங்கியது. நல்வாய்ப்பாகச் சிறுமியும் தாயும் தம்பியும் அதில் இல்லை. அடுத்து வேறொன்று நொறுங்கியது. எட்டாம் நாள் பின்னும் ஒன்று. ஏனையவை சிறைப்பட்டு நின்றன. குளிர்காலம் முழுவதும் அங்கே தங்குவதற்கு உணவு இல்லை. தங்கினால் பெரும்பாலோர் மடிவர் என்பது தெளிவு.

செப்டம்பர் 12-ஆம் நாள் தலைவர்கள் கூடி, கப்பல்களைக் கைவிடுவது என்று எழுதிக் கையொப்பமிட்டனர். அக்கையொப்பத்தின் பொருளை நாம் நினைத்துப் பார்த்தல் வேண்டும். அங்கு நின்ற கலங்களும் சரக்கும் பதினைந்து இலட்சம் டாலருக்கு மேற்பட்ட மதிப்புடையவை. பெரும்பாலானவற்றின் அடிமரம் இன்னும் பழுதுபடவில்லை. இரண்டு வாரம் பொறுத்தால் காற்று மாறக்கூடும் என்ற ஆசை எவர்க்கும் எழும். தெற்கே ஐசி முனைக்கு அப்பால் ஏழு கப்பல்கள் பனியில் சிக்காமல் இருப்பதைப் படகில் சென்று கண்டறிந்து, அவை காத்திருக்கும் என்னும் உறுதியையும் பெற்ற பின்னரே அவர்கள் இம்முடிவுக்கு வந்தனர், வந்தபின் தயங்கவில்லை.

14-ஆம் நாள் எல்லாரும் சிறு வேட்டைப் படகுகளில் இறங்கினர். பனிக்கும் கரைக்கும் நடுவே பல பத்து மைல் தொலைவு. இரவில் கரையில் இறங்கி, மணலில் தீ மூட்டி, பாய்களால் மறைப்புக் கட்டிப் பெண்டிரையும் பிள்ளைகளையும் உறங்கச் செய்தனர். மறுநாள் முனையைத் தாண்டியதும் திறந்த கடல். தாழ்ந்த படகுகளுக்குள் அலை ஏறியது. ஆண்கள் நீரை இறைத்துக்கொண்டே துடுப்பு வலித்தனர். காத்திருந்த ஏழு கப்பல்களும் நங்கூரத்தில் ஆடிக்கொண்டிருக்க, ஒவ்வொருவராக மேலே ஏற்றப்பட்டனர். யூரோபா 280 பேரை ஏற்றது, ஆர்க்டிக் 250, புரோகிரஸ் 221, லகோடா 195, டேனியல் வெப்ஸ்டர் 113, மிடாஸ் 100, சான்ஸ் 60. மொத்தம் 1,219 உயிர்கள். இவர்களுக்கு இடம் வேண்டி அக்கப்பல்கள் தம் வேட்டைக் கருவிகளைக் கடலில் எறிந்து, அவ்வாண்டு ஊதியத்தையும் இழந்தன. ஹொனலூலுவைச் சேர்ந்தபோது ஓர் உயிரும் குறையவில்லை. ஒரு குழந்தையும் குறையவில்லை. பனியில் இழந்த கப்பல்கள் 33. அவற்றுள் இரண்டின் எஞ்சிய பகுதிகளைக் கடலடியில் கண்டறிந்ததாக அமெரிக்க ஆய்வாளர்கள் 2016-இல் அறிவித்தனர்.

அப்படியாயின் கடலில் குழந்தைகள் மடியவே இல்லையா என்று கேட்கலாம். மடிந்தனர், மிகப் பலர் மடிந்தனர். ஆனால் அலையும் புயலும் கொன்றதைவிட நெருக்கமும் நோயும் கொன்றதே அதிகம். 1852-இல் லிவர்பூல் பக்கத்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறிகளை ஏற்றிச் சென்ற டைகாண்டரோகா ஏறத்தாழ எண்ணூறு பேரைச் சுமந்தது, குடும்பங்கள் பல. கீழ்த்தளங்களில் காற்று இல்லை, வெளிச்சம் இல்லை. நச்சுக்காய்ச்சல் பரவிற்று. மூன்று மாதப் பயணத்தில் ஏறக்குறைய நூறு பேர் இறந்தனர். கரை சேர்ந்தபின்னும் பலர் இறந்தனர். அதே காற்று, அதே அலை. தலைவன் அறையில் இருந்த குழந்தைக்கு ஆட்டுப்பாலும் தனிக்கட்டிலும் இருந்தன. கீழ்த்தளத்துக் குழந்தைக்கு அவை இல்லை. சென்னைத் துறையிலிருந்து புறப்பட்ட டுரூரோ 1860 நவம்பர் 16-இல் நட்டால் நாட்டின் டர்பனை அடைந்தது. அந்நாட்டுக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக நம்மவரை ஏற்றிச் சென்ற முதற்கப்பல் அதுவே. அதிலும் பின்னர்ச் சென்றவற்றிலும் பிள்ளைகள் இருந்தனர். அவர்கள் எவரும் நாட்குறிப்பு எழுதும் நிலையில் இல்லை. நாம் இதுவரை கூறிய இனிய செய்திகள் யாவும் தலைவன் அறைக்குள் எழுதப்பட்டவை என்பதை மறத்தலாகாது.

தலைவன் அறைக்கும் நோய் வரும். தனியொருவராக உலகைப் பாய்க்கலத்தில் முதன்முதல் சுற்றி வந்தவர் என்று புகழ்பெற்ற ஜோஷுவா ஸ்லோக்கமின் இல்வாழ்வு இதற்குச் சான்று. 1871-இல் சிட்னியில் வர்ஜீனியா வாக்கரை மணந்த அவர், பதின்மூன்று ஆண்டுகள் மனைவியோடு கப்பலிலேயே வாழ்ந்தார். ஏழு பிள்ளைகளும் கடலிலோ துறைமுகத்திலோ பிறந்தனர். சான் பிரான்சிஸ்கோவில் விக்டர், ஹாங்காங்கில் கார்ஃபீல்டு. வர்ஜீனியா பிள்ளைகளுக்குத் தாமே பாடம் சொன்னார். கலத்தில் நூல்களும் இசைக்கருவியும் இருந்தன. ஆயினும் எழுவருள் மூவர் மழலைப் பருவத்திலேயே இறந்தனர். 1884-இல், முப்பத்து நான்காம் வயதில், வர்ஜீனியாவும் புவனஸ் அயர்ஸ் துறையில் நின்ற அக்விட்நெக் கப்பலில் உயிர்நீத்தார்.

ஸ்லோக்கம் 1886-இல் ஹெட்டி எலியட்டை மணந்து, மைந்தர் இருவரோடு மீண்டும் அதே கப்பலில் புறப்பட்டார். அடுத்த ஆண்டில் மாலுமிகளிடையே பெரியம்மை; கலகம்; இறுதியில் பிரேசில் நாட்டுப் பரனகுவா விரிகுடாவில் கப்பல் மணல்திட்டில் ஏறி அழிந்தது. கையில் பணமில்லை. உடைந்த கலத்தின் பொருள்களையும் அந்நிலத்து மரத்தையும் கொண்டு தந்தையும் மக்களும் 35 அடி நீளமும் ஏழரை அடி அகலமும் உள்ள படகு ஒன்றைக் கட்டினர். ஹெட்டி பாய்களைத் தைத்தார். 1888 மே 13-இல் அதனை நீரில் இறக்கினர். பிரேசிலில் அடிமைமுறை ஒழிந்த நாளும் அதுவே. ஆகவே அதற்கு லிபர்டாடே, அஃதாவது விடுதலை, என்று பெயரிட்டனர். விக்டருக்குப் பதினாறு வயது, கார்ஃபீல்டுக்கு ஏழு.

இப்பயணத்தில் ஸ்லோக்கமின் துணிவைப் போற்றுவோர் பலர். நாம் குறிக்க விரும்புவது வேறொன்று. தொடக்கத்திலேயே புயலில் பாய்கள் கிழிந்தன. சான்டோசிலிருந்து ரியோவுக்கு நீராவிக்கப்பல் ஒன்று படகை இழுத்துச் செல்ல இசைந்தது. அதன் வேகத்தில் சிறுபடகு மூழ்கவும் கூடும். ஸ்லோக்கம் மனைவியையும் இளையவனையும் பெரிய கப்பலில் ஏற்றினார்; தாம் சுக்கானைப் பிடித்தார்; மூத்தவனைக் கையில் கோடரியோடு அணியத்தில் நிறுத்தினார், இடர் வந்தால் இழுகயிற்றை அறுப்பதற்கு. யாரை எங்கே வைப்பது என்பதை அறிந்திருந்தார். படகு கவிழாதிருக்க இருபுறமும் மூங்கில்களைப் பிணைத்திருந்ததும் அதே முன்னறிவுதான். ஏறத்தாழ 5,500 மைல் கடந்து, அவ்வாண்டு டிசம்பர் இறுதியில் நால்வரும் நலமாக வாஷிங்டன் நகரை அடைந்தனர்.

ஹெட்டி அதன்பின் கடல்வாழ்வை நாடவில்லை. 1895 ஏப்ரலில் ஸ்லோக்கம் பாஸ்டனிலிருந்து ஸ்பிரே என்னும் படகில் தனியே புறப்பட்டார். 1909 நவம்பரில் அதே படகில் சென்றவர் திரும்பவே இல்லை. லாரா ஜெர்னிகன் 1947 வரை வாழ்ந்தார். கடலில் பிறந்த வில்லியம் ஃபிஷ் வில்லியம்ஸ் பொறியாளராகிக் கரையிலேயே தங்கிவிட்டார்; பனியில் கப்பல்களைக் கைவிட்ட கதையை நேரில் கண்டவராக எழுதி வைத்தார். கோடரியோடு அணியத்தில் நின்ற விக்டர் தாமும் கடலோடியானார். தந்தையின் வரலாற்றை அவர் எழுதிய நூல் 1950-இல் வெளிவந்தது.